நெடுஞ்சாலை விளக்குகள்: பொருத்துவது எளிது, பத்தாம் ஆண்டிலும் எரிய வைப்பதுதான் வேலை

கேள்வி இதுதான்: நகர எல்லைக்குள் ஒரு நெடுஞ்சாலை ஓடுகிறது. அதில் நிற்பவை பழைய சோடியம் விளக்குகள், பல எரிவதில்லை. பழுதுபார்த்து அப்படியே ஓட்டலாமா, எல்இடிக்கு மாறலாமா, சோலார் வைக்கலாமா, ஹைமாஸ்ட் எனப்படும் மிக உயரமான கம்பம் நடலாமா, சில இடங்களில் அணைத்தே விடலாமா, இல்லை மொத்தத்தையும் தனியாரிடம் கொடுத்துவிடலாமா? பராமரிப்பை யார் பார்ப்பது?

இந்தப் பேச்சு வழக்கமாக எந்த விளக்கு என்பதில் ஆரம்பித்து அங்கேயே முடிந்துவிடும். என் கருத்தில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த இடத்துக்கு விளக்கு வேண்டும் என்பது முதல் கேள்வி. எட்டாவது, பத்தாவது ஆண்டில் அந்தக் கம்பத்தில் ஏறப்போவது யார், அதற்கான பணம் எந்தத் தலைப்பில் இருக்கும் என்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் பதில் இருந்தால், விளக்கைத் தேர்ந்தெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை.

முதல் கேள்விக்கு ஒரு சின்னக் கணக்கு உதவும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கும். ஆபத்தைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக்கில் கால் வைக்க 2.5 நொடி என்று வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொள்வது வழக்கம். அதற்குள் 70 மீட்டர் போய்விடும், வண்டியின் வேகம் இன்னும் குறைந்திருக்காது. முகப்பு விளக்கை டிம் செய்து ஓட்டும்போது கருப்பு உடை அணிந்து நடப்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்தத் தூரத்துக்கும் உள்ளேதான். ஆகவே மனிதர்கள் குறுக்கே வரக்கூடிய இடம், வண்டிகள் சேரும் பிரியும் இடம், ஓட்டுநர் பல முடிவுகளை ஒரே சமயத்தில் எடுக்க வேண்டிய இடம் ஆகியவற்றில் முகப்பு விளக்கு போதாது. சந்திப்புகள், மேம்பாலத்தின் ஏறுபாதை இறங்குபாதை, பேருந்து நிறுத்தம், யு-டர்ன் இடைவெளி, சுங்கச்சாவடி, சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடம், கூர்மையான வளைவு எல்லாம் இந்த வகை.

மற்றபடி நடுவே தடுப்புச் சுவரும் இரு பக்கமும் வேலியும் போட்ட, ஆள் நடமாட்டமே இல்லாத நேர்ச்சாலைக்கு விளக்கு கட்டாயம் என்று சொல்ல மாட்டேன். அங்கே அதே பணத்தை ஒளி திருப்பும் வெள்ளைக் கோடுகளிலும், சாலையில் பதிக்கும் ரிஃப்ளெக்டர் குமிழ்களிலும், வளைவைக் காட்டும் அம்புப் பலகைகளிலும் போட்டால் பலன் கூடுதல். மின்சாரம் தேவையில்லை, கம்பம் இல்லாததால் கம்பத்தில் மோதுவதும் இல்லை. இங்கிலாந்தில் பெர்சி ஷா 'கேட்ஸ் ஐ' என்ற அந்தக் குமிழுக்குக் காப்புரிமை பெற்றது 1934-ல். தொண்ணூறு ஆண்டுகளாகியும் செலவுக்கேற்ற பலனில் அதை மிஞ்சும் பொருள் குறைவு.

அணைத்தால் விபத்து கூடாதா என்று உடனே கேட்பார்கள். இங்கிலாந்தில் 2009 முதல் சில மோட்டார்வே பகுதிகளில் நள்ளிரவிலிருந்து காலை 5 மணி வரை விளக்கை அணைக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 62 உள்ளாட்சிப் பகுதிகளின் தரவுகளை வைத்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்று, அணைப்பதாலோ மங்கலாக்குவதாலோ இரவு விபத்துகள் கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றது. இதைக் காட்டி எல்லாவற்றையும் அணைத்துவிடலாம் என்று கிளம்பக் கூடாது. ஆபத்து குறைவு என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த சாலைகளில்தான் அந்த உள்ளாட்சிகள் அணைத்திருக்கும். உங்கள் சாலையின் இரவு விபத்துப் பதிவுகளை எடுத்து, பகல் விபத்துகளோடு கிலோமீட்டர் வாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். போக்குவரத்து அளவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே இரவின் பங்கு துருத்திக்கொண்டு நிற்கிறதோ அங்கே விளக்கு வேண்டும். இந்த வரைபடம் இல்லாமல் டெண்டர் விடுவது வீண்.

அணைப்பதில் பலர் யோசிக்காத ஒரு சிக்கலும் உண்டு. 2010-ல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரம் பணத் தட்டுப்பாட்டில் தெருவிளக்குகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அணைத்தது. மின்சாரம் ஓடாத கம்பியை வெட்ட யாருக்குப் பயம்? செம்புத் திருடர்கள் வந்துவிட்டார்கள், சேமித்த பணத்தில் ஒரு பகுதி புதுக் கம்பிக்குப் போனது. அணைப்பதென்றால் கேபிளில் மின்சாரத்தை விட்டுவைத்து விளக்கில் மட்டும் அணையுங்கள், இல்லையென்றால் கேபிளை உருவி எடுத்துவிடுங்கள். நடுவில் விடாதீர்கள்.

சரி, விளக்கு வேண்டிய இடம் தெரிந்துவிட்டது. எவ்வளவு வெளிச்சம்? இங்கேதான் ஒப்பந்ததாரர்கள் லக்ஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு வருவார்கள். லக்ஸ் என்பது சாலையில் விழும் ஒளி. ஓட்டுநரின் கண்ணுக்கு வருவது சாலை திருப்பி அனுப்பும் ஒளி. சிஐஇ எனப்படும் சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் 115-ஆம் ஆவணம், வேக வாகனச் சாலைகளை எம்1 முதல் எம்6 வரை ஆறு வகுப்பாகப் பிரிக்கிறது. எம்1-க்குச் சாலைப்பரப்பின் சராசரிப் பிரகாசம் சதுர மீட்டருக்கு 2 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு), எம்6-க்கு 0.3. நகரத்தைக் கடக்கும் நெடுஞ்சாலைகள் பெரும்பாலும் எம்2, எம்3 அளவில் வரும், அதாவது 1.5 அல்லது 1. இந்த ஆவணத்தில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரே சாலை இரவு முழுவதும் ஒரே வகுப்பில் இருக்க வேண்டியதில்லை என்பது. இரவு 8 மணிக்கு எம்2-வில் இருந்த சாலை, வண்டிகள் குறைந்த பின் 1 மணிக்கு எம்4-க்கு இறங்கலாம். மங்கலாக்கும் வசதிக்குக் காசு கொடுப்பதற்கு நியாயம் இதுதான்.

சராசரியைவிட முக்கியம், வெளிச்சம் சீராக இருப்பது. மிகக் குறைந்த பிரகாசம் சராசரியில் 0.4 பங்குக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. கம்பத்தடியில் பளீரென்றும் நடுவில் இருட்டாகவும் இருக்கும் சாலை, மொத்தமாக மங்கலான சாலையைவிட மோசம். கண் ஒவ்வொரு கம்பத்துக்கும் மாறி மாறிப் பழகிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த இருட்டுப் பட்டைக்குள் ஒரு ஆள் நின்றால் தெரியாது. அப்புறம் சாலைப்பரப்பு. கான்கிரீட் சாலை தாரைவிட அதிக ஒளியைத் திருப்பும். புதுத் தாருக்கும் பழைய தாருக்கும்கூட வித்தியாசம் உண்டு. ஒரு தார்ச்சாலைக்குச் செய்த வடிவமைப்பைக் கான்கிரீட் பகுதிக்கு அப்படியே நகலெடுத்தால் அங்கே மின்சாரம் வீணாகும். மழையில் ஈரமான சாலையோ கண்ணாடி போல ஆகி, சில கோடுகளில் மட்டும் பளபளத்து மற்ற இடமெல்லாம் இருண்டுவிடும். மழைநாள் அதிகமுள்ள ஊர் என்றால் ஈரச் சாலைக்கான சீர்மையையும் டெண்டரில் கேளுங்கள். சிஐஇ அதற்கு 0.15 என்று தனி அளவே வைத்திருக்கிறது.

இப்போது விளக்குக்கு வரலாம். சோடியத்தை ஒரேயடியாகக் குறைசொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயர் அழுத்த சோடியம் விளக்கு வாட்டுக்கு 100 முதல் 140 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அலகு) கொடுக்கும், 24,000 மணி நேரம் வரை எரியும், வெப்பத்தையும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்தையும் ஓரளவு தாங்கும். பல்பு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக், எரியத் தூண்டும் இக்னைட்டர் மூன்றும் எந்த எலெக்ட்ரீஷியனுக்கும் பழக்கமானவை. அதன் குறை வேறு இடத்தில் இருக்கிறது. பல்பு எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறும், பிரதிபலிப்பான் அதைத் திருப்பிச் சாலைக்கு அனுப்புவதற்குள் கணிசமான பங்கு வீணாகும். நிறங்களும் அதில் சரியாகத் தெரியாது. மங்கலாக்குவதும் சிரமம்.

எல்இடியில் ஒளியை லென்ஸ் வைத்துச் சாலையின் மீதே விழவைக்கலாம். சேமிப்பின் பெரும்பகுதி அங்கிருந்து வருகிறது. கணக்கு இப்படிப் போகும்: 250 வாட் சோடியம் விளக்கு, சோக்கின் இழப்போடு சேர்த்து சுமார் 280 வாட் இழுக்கும். ஆண்டுக்கு 4,100 மணி நேரம் எரிந்தால் 1,150 யூனிட். அதன் இடத்தில் 130 வாட் எல்இடி போதுமென்று வடிவமைப்பு காட்டினால் 530 யூனிட். ஒரு விளக்குக்கு ஆண்டுக்கு 600 யூனிட்டுக்கு மேல் மிச்சம், மங்கலாக்கினால் இன்னும் கூடும். உங்கள் மின்கட்டணத்தால் பெருக்கினால் எத்தனை ஆண்டில் முதலீடு திரும்பும் என்பது தெரிந்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸ் 2009-ல் தொடங்கி நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 1,40,000 விளக்குகளை மாற்றியபோது மின்செலவு 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஆகவே புதிதாக வாங்குவதென்றால் எல்இடிதான், அதில் எனக்குத் தயக்கம் இல்லை. பாதரச ஆவி விளக்குகள் எங்காவது மிச்சம் இருந்தால் முதலில் அவற்றை எடுங்கள். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை 2020-க்குப் பிறகு அவற்றின் தயாரிப்பையே தடுக்கிறது, அவற்றின் திறனும் சோடியத்தில் பாதிதான்.

ஆனால் "ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும்" என்ற விளம்பர வரியை நம்பிப் பராமரிப்புப் பணத்தை வெட்டிவிடாதீர்கள். ஒரு லட்சம் மணி நேரம் என்றால் 24 ஆண்டு. யாரும் 24 ஆண்டு எரியவைத்துப் பார்த்துச் சொல்லவில்லை. சில ஆயிரம் மணி நேரம் சோதித்து, அந்தப் போக்கை நீட்டிக் கணக்கிடுகிறார்கள். டிஎம்-21 என்ற முறைப்படி, சோதித்த காலத்தைப் போல ஆறு மடங்குவரைதான் நீட்டிச் சொல்லலாம். 10,000 மணி நேரம் சோதித்தவர் 60,000-க்கு மேல் சொன்னால், அந்த எண்ணுக்கு ஆதாரம் என்னவென்று கேட்க வேண்டும். அதுவும் எல்இடி சில்லின் ஆயுள் மட்டும்தான். உண்மையில் முதலில் சாவது டிரைவர் என்ற மின்சாரப் பெட்டி, அதிலும் குறிப்பாக அதன் கெப்பாசிட்டர்கள். வெப்பம் கூடினால் அதன் ஆயுள் வேகமாகச் சரியும். அடுத்தது மின்னல், மின்னழுத்தத் தாவல். நெடுஞ்சாலைக் கம்பம் வெட்டவெளியில் நிற்கிறது, நீளமான கேபிளின் முனையில் இருக்கிறது. 10 கிலோவோல்ட் தாங்கும் சர்ஜ் பாதுகாப்பு, அதுவும் டிரைவருக்குள் மட்டும் இல்லாமல் தனியாக மாற்றக்கூடிய துண்டாக இருக்க வேண்டும். எர்த்திங் சரியில்லாத கம்பத்தில் எவ்வளவு விலையுயர்ந்த சர்ஜ் பாதுகாப்பும் வெறும் அலங்காரம்தான்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தின் கதை இதற்குப் பாடம். ஒரு காலத்தில் அங்கே பத்தில் நான்கு தெருவிளக்கு எரியவில்லை. தனி விளக்கு ஆணையம் அமைத்து, 2016 இறுதிக்குள் 65,000 எல்இடி விளக்குகளைப் பொருத்தி முடித்தார்கள். செம்பு திருடுபோகாமலிருக்க அலுமினியக் கம்பி போட்டார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2019-க்குள் ஆயிரக்கணக்கான விளக்குகள் காலத்துக்கு முன்பே மங்கவும் கருகவும் தொடங்கி, தயாரிப்பாளர்மீது வழக்குப் போட வேண்டி வந்தது. அதன்பின் அமெரிக்காவின் பல ஊர்களில் எல்இடியின் மேல் பூசிய பாஸ்பர் அடுக்கு உரிந்து, வெள்ளை விளக்குகள் ஊதா நிறமாக எரிந்தன. உத்தரவாதத்தில் இந்த இரண்டுமே வர வேண்டும்: முழுதாக அணைவது மட்டுமல்ல, ஒளி குறைவதும் நிறம் மாறுவதும். அதோடு, மாற்று விளக்கை மட்டும் கொடுத்தால் போதாது. ஏணி வண்டி, ஆள், சாலைத் தடுப்பு இவற்றின் செலவையும் தயாரிப்பாளர் ஏற்க வேண்டும். நெடுஞ்சாலையில் விளக்கின் விலையைவிட அதை மாற்றும் செலவு கூடப் போய்விடுவது சாதாரணம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீலம் கலந்த குளிர்வெள்ளை விளக்கு அதே வாட்டில் கொஞ்சம் கூடுதல் லூமன் தரும், அதனால் விற்பனையாளர் அதைத் தள்ளிவிடப் பார்ப்பார். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ல் தெருவிளக்குகளுக்கு 3,000 கெல்வினோ அதற்குக் கீழோ (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள் கூடும்) போதும் என்று பரிந்துரைத்தது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரம் 2014-ல் பொருத்திய எல்இடி விளக்குகளை, கண் கூசுகிறது என்று மக்கள் சண்டைபிடித்ததால் 2,700 கெல்வினுக்கு மாற்ற நேர்ந்தது. 3,000 கெல்வினுக்கு இன்று திறன் இழப்பு சொற்பம். வீடுகள் அருகில் உள்ள பகுதியில் இதில் பேரம் பேச வேண்டாம்.

சோலார் விளக்கைப் பற்றிப் பேசும்போது எல்லோருக்கும் ஆசை வரும், மின்கட்டணமே இல்லையே! கணக்குப் போட்டுப் பாருங்கள். 130 வாட் விளக்கு பதினொன்றரை மணி நேரம் எரிய ஒன்றரை யூனிட் வேண்டும். நாளுக்கு நாலரை மணி நேர நல்ல வெயில், வழியில் 30 சதவீத இழப்பு என்று வைத்தால், ஏறக்குறைய 475 வாட் பேனல் தேவை. அதாவது இரண்டு சதுர மீட்டருக்கு மேல் ஒரு தகடு, பத்து மீட்டர் உயரத்தில் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கும். இரண்டு நாள் மேகமூட்டத்தைத் தாங்க நான்கு யூனிட் அளவு பேட்டரி, முப்பது நாற்பது கிலோ எடை. பழைய கம்பம் இதைத் தாங்காது, புதுக் கம்பம், புது அடித்தளம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும், பேனலைத் துடைக்க வேண்டும். நெடுஞ்சாலைத் தூசியில் துடைக்காத பேனல் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். கேபிள் கொண்டுபோக வழியில்லாத ஒற்றைச் சந்திப்பு, பேருந்து நிறுத்தம் இவற்றுக்குச் சோலார் அருமை. மின்சாரம் ஏற்கெனவே இருக்கும் நீண்ட நெடுஞ்சாலைக்கு அது பராமரிப்பை இரட்டிப்பாக்கும் வேலை. சூரிய மின்சாரம்தான் வேண்டுமென்றால் நகரத்துக்குச் சொந்தமான ஏதாவது கட்டடத்தின் கூரையில் பேனலை வைத்து, கட்டணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஹைமாஸ்ட், அதாவது 20 மீட்டருக்கும் மேலான கம்பத்தின் உச்சியில் வளையமாக விளக்குகள், பெரிய சந்திப்புகளுக்கு மட்டும் சரி. கம்பங்களின் எண்ணிக்கை குறையும், அவற்றைப் போக்குவரத்திலிருந்து விலக்கி நடலாம், வளையத்தை வின்ச் என்ற கயிறு சுற்றும் கருவி மூலம் கீழே இறக்கி வேலை பார்க்கலாம் என்பதால் ஏணி வண்டியே வேண்டாம். ஆனால் அந்த வின்ச்சும் எஃகுக் கயிறும் ஆண்டுதோறும் சோதிக்கப்பட வேண்டும். நாள்பட இறக்காத வளையம் மேலேயே சிக்கிக்கொள்ளும், அதை எடுக்கும் வேலை பெரும்பாடு. நேர்ச்சாலைக்கு இதை வைத்தால் பக்கத்து நிலத்துக்கெல்லாம் வெளிச்சம் போகும்.

கம்பத்தின் இடம்தான் பராமரிப்புச் செலவைப் பாதி தீர்மானிக்கிறது, வடிவமைக்கும்போது இதை யாரும் கவனிப்பதில்லை. வழக்கமான சாலைக்கு 10 முதல் 12 மீட்டர் உயரம், உயரத்தைப் போல மூன்றரை மடங்கு இடைவெளி. நடு மீடியனில் இரட்டைக் கை வைத்த கம்பம் நட்டால் கம்பமும் கேபிளும் ஏறக்குறைய பாதியாகக் குறையும். ஆரம்பச் செலவில் இதை வெல்ல முடியாது. ஆனால் ஒரு ஃபியூஸ் மாற்றுவதற்குக்கூட இருபுறமும் வேகமாக வண்டி ஓடும் பாதைகளை அடைக்க வேண்டும். தொழிலாளி நிற்பது சாலையின் மிக ஆபத்தான இடத்தில். மீடியனில் திடமான தடுப்புச் சுவர் இருந்தால் நடுக்கம்பம், இல்லையென்றால் சாலையோரக் கம்பம் என்பது என் விருப்பம். ஓரத்தில் வைத்தால் கம்பத்தை வண்டி மோதும் வாய்ப்பு உண்டு. தடுப்பு வேலிக்குப் பின்னால் நட வேண்டும், அல்லது மோதினால் அடியோடு கழன்றுவிடும் அடித்தளம் கொடுக்க வேண்டும். ஆட்கள் நடக்கும் இடத்தில் கழன்று விழும் கம்பம் கூடாது, அது வேறு யார் தலையிலாவது விழும்.

பராமரிப்பு என்றதும் பலர் நினைப்பது எரியாத விளக்கை மாற்றுவதை. அது கடைசிக் கட்டம். முதலில் ஒரு பதிவேடு வேண்டும். ஒவ்வொரு கம்பத்துக்கும் எண், இருப்பிடம், எந்த ஃபீடர் பில்லரிலிருந்து (மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் சாலையோரப் பெட்டி) மின்சாரம், என்ன விளக்கு, எத்தனை வாட், எப்போது பொருத்தியது, கம்பம் எந்த ஆண்டு நட்டது. கம்பத்தில் எண் எழுதியிருந்தால் பொதுமக்கள் புகார் சொல்வது எளிது, ஆள் தேடி அலைவதும் குறையும். பல நகரங்கள் தங்களிடம் எத்தனை விளக்கு இருக்கிறது என்று தெரியாமலே மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கின்றன. மீட்டர் இல்லாத இணைப்பு என்றால் எடுத்துவிட்ட விளக்குக்கும் பில் வரும்.

சோடியத்தைக் கொஞ்ச காலம் ஓட்டுவதென்றால் ஒவ்வொன்றாக மாற்றாதீர்கள். 24,000 மணி நேரம் என்பது ஆறு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே சமயத்தில் பொருத்தியவை ஒரே சமயத்தில்தான் சாகத் தொடங்கும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து ஐந்தாம் ஆண்டில் மொத்தமாக மாற்றி, கையோடு கண்ணாடியையும் துடைத்துவிட்டால் ஏணி வண்டி ஒரே முறை வந்தால் போதும். எரிந்து, அணைந்து, சிறிது நேரம் கழித்து மறுபடி எரியும் விளக்கைப் பார்த்தால் அது ஆயுள் முடிந்த பல்பு. அப்படியே விட்டால் இக்னைட்டரையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

எல்இடியிலும் துடைப்பு வேண்டும். வடிவமைப்பாளர் ஆரம்ப ஒளியைப் பராமரிப்புக் காரணி என்ற எண்ணால் பெருக்கித்தான் விளக்கைத் தேர்ந்தெடுக்கிறார், பெரும்பாலும் 0.7-க்கும் 0.85-க்கும் இடையில். அந்த எண்ணுக்குள்ளே "இத்தனை ஆண்டுக்கு ஒருமுறை துடைப்போம்" என்ற வாக்குறுதி ஒளிந்திருக்கிறது. துடைக்கவே போவதில்லை என்றால் நேர்மையாகக் குறைந்த எண்ணைப் போட்டு, கொஞ்சம் பெரிய விளக்கை வாங்குங்கள். டெண்டரை மலிவாகக் காட்ட 0.9 போட்டு, மூன்றாம் ஆண்டில் சாலை இருட்டாக இருக்கிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

நெடுஞ்சாலையில் வரிசையாகப் பத்து இருபது விளக்குகள் அணைந்திருந்தால் காரணம் பெரும்பாலும் கேபிள், ஃபீடர் பில்லர், அல்லது திருட்டு. கம்பத்தின் அடியில் இருக்கும் சின்னக் கதவுதான் திருடனின் வாசல். சிறப்புச் சாவி போட்ட பூட்டு, மண்ணுக்கடியில் குழாய்க்குள் ஓடும் அலுமினியக் கேபிள் இரண்டும் உதவும். மாலை ஒரே காண்டாக்டர் (பெரிய மின் ஸ்விட்ச்) மொத்த வரிசையையும் இயக்கும் முறையில் பகல் முழுக்க கேபிளில் மின்சாரம் இருக்காது, பழுதும் திருட்டும் இருட்டும்வரை தெரியாது. ஒவ்வொரு விளக்கிலும் தனி ஒளி உணரி வைத்து கேபிளை எப்போதும் மின்சாரத்தோடு வைத்தால் திருடன் தயங்குவான். அதற்கு விலை, உணரி கெட்ட விளக்கு பகலிலும் எரிந்துகொண்டிருக்கும். இரண்டில் நான் இரண்டாவதையே எடுப்பேன்.

சோடியத்திலிருந்து எல்இடிக்கு மாறும்போது ஒரு மின்சாரத் தொல்லையும் வரும். வாட் பாதியாகிவிட்டதே, பழைய கேபிளும் பிரேக்கரும் தாராளம் என்று நினைப்பார்கள். கேபிள் தாராளம்தான். ஆனால் டிரைவர்கள் எல்லாம் ஒரே கணத்தில் உயிர்பெறும்போது ஒரு கண உந்து மின்னோட்டம் வரும், மாலையில் ஸ்விட்ச் போட்டதும் பிரேக்கர் விழுந்துவிடும். ஒரு பிரேக்கரில் எத்தனை டிரைவர் போடலாம் என்று தயாரிப்பாளரின் தாளில் இருக்கும், அதைப் பாருங்கள்.

தொலைவிலிருந்து ஒவ்வொரு விளக்கையும் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு முறை நெடுஞ்சாலைக்கு நல்ல முதலீடு. இரவு ரோந்து குறையும், பழுது தானே தெரியும், மங்கலாக்கலாம். ஆனால் அந்தக் கருவி விளக்கின் தலையில் பொதுத் தரமான சாக்கெட்டில் செருகப்பட்டிருக்க வேண்டும், ஏழு முனை உள்ளதோ ஸாகா (Zhaga) என்ற தர வகையோ. பல நாடுகளில் 3ஜி சேவை மூடப்பட்டபோது அதை நம்பிய கருவிகள் ஊமையாகிவிட்டன. கழற்றி வேறு போட முடிந்தவர்கள் தப்பித்தார்கள். இந்தக் கண்காணிப்புச் சேவைக்கான வருடக் கட்டணத்தையும் பட்ஜெட்டில் எழுதுங்கள், அது மின்கட்டணம் போலவே ஒவ்வொரு ஆண்டும் வரும்.

கம்பத்தை மறந்துவிடாதீர்கள். விளக்கு அணைந்தால் இருட்டு, கம்பம் விழுந்தால் உயிர். இரும்புக் கம்பம் துருப்பிடிப்பது தரைமட்டத்தில், பெயின்ட்டுக்கு அடியில், அடித்தளத்தின் மண்மூடிய பகுதியில். போல்ட் தளர்வு, கதவோரத்தில் வெல்டிங் விரிசல் ஆகியவற்றைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் குனிந்து பார்த்தாக வேண்டும். மேம்பாலத்தில் நிற்கும் கம்பங்களை அடிக்கடி பாருங்கள், வண்டிகளின் அதிர்வு அங்கே ஓயாது. எர்த்திங் சோதனையும் அப்போதே செய்துவிடலாம்.

கடைசியாக, யாரிடம் கொடுப்பது. மின்வாரியமோ மின் நிறுவனமோ சொந்தமாக வைத்துக்கொண்டு மாதக் கட்டணம் வாங்கும் ஏற்பாட்டில் நகரத்துக்குத் தலைவலி குறைவு, ஆனால் எல்இடிக்கு மாற்று, மங்கலாக்கு என்று சொல்லும் அதிகாரமும் குறைவு. சேமிப்பில் பங்கு வாங்கும் எரிசக்தி நிறுவனத்திடம் கொடுத்தால் முதலீடு அவர்களுடையது. அதில் சண்டை வரும் இடம் ஒன்றுதான்: பழைய செலவு எவ்வளவு? பாதி விளக்கு எரியாத காலத்தின் பில்லை அடிப்படையாக எடுத்தால் சேமிப்பே வராது, எல்லாம் எரிந்ததாகக் கற்பனை செய்தால் வராத சேமிப்புக்குப் பணம் கொடுப்பீர்கள். மாற்றுவதற்கு முன் மீட்டர் வைத்து அளந்து இருவரும் கையெழுத்திடுங்கள். பெல்ஜியத்தின் வலோனியாவில் சுமார் 2,700 கி.மீ. சாலையில் 1,10,000 விளக்குகளை மாற்றி, 20 ஆண்டு பராமரிக்கும் பொறுப்போடு ஒரே கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். கட்டுபவரே பராமரிப்பவர் என்பதால் மட்டமான பொருளைப் போட அவருக்கே மனம் வராது. அந்த அளவு பெரிய ஒப்பந்தத்தைக் கண்காணிக்க நகரத்திடம் ஆள் இருந்தால் நல்ல வழி. சின்ன நகரம் என்றால் விளக்கும் கம்பமும் நகரத்தின் சொத்து, பராமரிப்பு மட்டும் ஐந்து முதல் ஏழு ஆண்டு ஒப்பந்தம் என்பதே என் பரிந்துரை.

அந்த ஒப்பந்தத்தில் பழுது நீக்கிய எண்ணிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள், எரியும் விளக்குக்குக் கொடுங்கள். தனி விளக்கு ஒன்று அணைந்தால் சில நாள் பொறுக்கலாம். சந்திப்பிலோ தொடர்ச்சியாக மூன்று கம்பங்களிலோ அணைந்தால் ஒரே நாளில் சரிசெய்ய வேண்டும். திறந்துகிடக்கும் கம்பக் கதவு, சாய்ந்த கம்பம், ஷாக் அடிக்கிறது என்ற புகார் ஆகியவற்றுக்குச் சில மணி நேரம்தான். சாலைத் தடுப்பு தேவைப்படும் வேலைகளை மீடியன் செடி வெட்டுதல், கோடு வரைதல் போன்ற பிற வேலைகளோடு ஒரே இரவில் சேர்த்துச் செய்ய நகரம் அட்டவணை கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடியும்போது எத்தனை சதவீதம் எரிய வேண்டும், பதிவேடும் மென்பொருள் கடவுச்சொற்களும் யாரிடம் வர வேண்டும் என்பதையும் முதல் நாளே எழுதுங்கள்.

முழு டெண்டருக்கு முன் ஒரு கிலோமீட்டரில் இரண்டு மூன்று தயாரிப்புகளைப் பொருத்திப் பாருங்கள். மூன்று மாதமாவது ஓடட்டும். பிரகாச மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், மழை பெய்த இரவில் ஒருமுறை, காய்ந்த சாலையில் ஒருமுறை. கண் கூசுகிறதா என்று பேருந்து, லாரி ஓட்டுநர்களிடம் கேளுங்கள், அவர்கள் உட்காரும் உயரம் வேறு. பிறகு உங்கள் பராமரிப்பு ஆளை மேலே ஏற்றி, டிரைவரைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். கையுறையோடு, கருவி கீழே விழாமல், அவரால் சிரமமின்றி மாற்ற முடியாத விளக்கை வாங்க வேண்டாம்.